கைக்குழந்தையோடு மலைநடை: கால்காவிலிருந்து சிம்லா வரை

குழந்தை பிறந்த வீட்டில் ஓரிரு ஆண்டுகளுக்கு வெளியூர்ப் பயணம் என்ற பேச்சே எழுதல் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மலை என்றால் கேட்கவே வேண்டாம். அதுவும் சொந்த வாகனம் இன்றி, ரயிலிலும் பேருந்திலும் என்றால் வீடே இரண்டுபட்டுவிடும். இந்த அச்சத்தில் ஒரு பாதி நியாயமானது, மறுபாதி தேவையற்றது. எது எந்தப் பாதி என்பதைப் பிரித்தறிய, நாட்டில் பலரும் அறிந்த கால்கா–சிம்லா மலைவழியை எடுத்துக்கொள்வோம்.

1903ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தக் குறுகிய ரயில்பாதையின் நீளம் 96 கிலோமீட்டர். கால்கா கடல்மட்டத்திலிருந்து 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா நிலையம் 2,076 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே 102 சுரங்கங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு இவற்றைவிட முக்கியமானது வண்டியின் நிதானம். ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றத்தை ஏறி முடிக்க அதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் காது அடைக்கும். பெரியவர் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வார். குழந்தைக்கு அது தெரியாது. ஏற்றத்தில் அவ்வப்போது பால் புகட்டினால் விழுங்கும் செயலே காதைத் திறந்துவிடும். வளைவுகளில் குழந்தை வாந்தி எடுக்குமோ என்று பலர் கவலைப்படுவர். உண்மையில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிது. பையில் வைக்கும் உறைகள் பெரும்பாலும் பெற்றோருக்கே பயன்படும்!

நியாயமான அச்சம் உயரத்தைப் பற்றியது. சிம்லாவின் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. உடல்நலமுள்ள குழந்தைக்கு இது தாங்கக்கூடியதே. 2,500 மீட்டரைத் தாண்டும்போதுதான் உயர நோய் தலைகாட்டத் தொடங்குகிறது. பெரியவர் தலை வலிக்கிறது என்று சொல்வார். கைக்குழந்தையால் சொல்ல இயலாது. காரணமின்றிச் சிணுங்குதல், பால் குடிக்க மறுத்தல், உறக்கம் கெடுதல், வாந்தி ஆகியவையே அதன் மொழி. இவை பல் முளைப்பதாலும் வரலாம், சளியாலும் வரலாம். ஆனால் உயரமான இடத்தில் இவற்றைக் கண்டால், வேறு காரணம் தெளிவாகும் வரை உயர நோய் என்றே கருதிக் கீழே இறங்குதல் வேண்டும். இறங்குவதே முதல் மருந்து.

பொதுப் போக்குவரத்தில் செல்வோர் கவனிக்கவேண்டிய இடமும் இதுவே. சொந்த வண்டி உள்ளவர் நள்ளிரவிலும் இறங்கிவிடுவார். நமக்கோ அடுத்த பேருந்து வரவேண்டும். ஆகவே, குழந்தைக்கு உடல்நிலை மாறினால் அன்றே இறங்க முடியாத ஊரில் இரவு தங்குவதில்லை என்பதை விதியாகக் கொள்ளலாம். சிம்லாவிலிருந்து ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவுக்கும் பேருந்து உண்டு. அதையும் கடந்து 3,600 மீட்டருக்கு மேலுள்ள காசாவுக்கும் அரசுப் பேருந்து செல்கிறது. பேருந்து செல்கிறது என்பதற்காகக் குழந்தையையும் கூட்டிச் செல்லலாம் என்று பொருளாகாது. காசாவைக் குழந்தை வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வயதில் அழைத்துச் செல்வது? தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் போடவேண்டிய ஊசிகள் முடிந்திருத்தல் நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையோ, இதயம் அல்லது நுரையீரல் குறை உள்ள குழந்தையோ எனில் மருத்துவரின் சொல்லே முடிவானது. எங்கள் கருத்தில் மிகவும் ஏற்ற பருவம் ஆறு முதல் பத்து மாதம் வரை. அப்போது கழுத்து நிற்கும், உட்காரத் தெரியும், ஓடத் தெரியாது.

சிம்லாவில் நடப்பதற்கு ஒரு நல்ல வழி, நகருக்குச் சற்று முன்னுள்ள சம்மர் ஹில் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குகிறது. அங்கு இறங்கி, போய்லோகஞ்ச் வழியாக, 1888இல் வைஸ்ராய் மாளிகையாகக் கட்டப்பட்டு இன்று இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இயங்கும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, மால் சாலை வழியே ரிட்ஜ் வரை நடக்கலாம். பெரும்பகுதியும் சாலையே, இருமருங்கும் தேவதாரு மரங்கள். களைப்படைந்தால் வழியிலேயே நகரப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். கீழே கார்ட் சாலைக்கும் மேலே மால் சாலைக்கும் இடையே மின்தூக்கி இயங்குகிறது. தாய்சேய் நலத்துக்கென்றே கமலா நேரு மருத்துவமனை நகருக்குள் இருக்கிறது. சிம்லாவைத் தேர்ந்ததற்கு இவையே காரணம். மழைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் அருகே நிலம் சரிந்து உயிர்கள் பறிபோயின. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

நடையின்போது பெற்றோர் மறப்பது ஒன்று உண்டு. நடப்பவருக்கு வியர்க்கும்; சுமக்கப்படும் குழந்தைக்குக் குளிரும். அசையாமல் இருக்கும் உடல் குறைவான வெப்பத்தையே உண்டாக்கும். எனவே நமக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் குழந்தைக்கு உடுத்துதல் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை கை, கால் விரல்களையும் பிடரியையும் தொட்டுப் பார்க்கவேண்டும். தடிமனான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் மூன்று அடுக்கு மேல். கால்காவைவிடச் சிம்லா எட்டு, ஒன்பது டிகிரி குளிராக இருக்கக்கூடும் என்பதால், ரயிலிலேயே ஒவ்வோர் அடுக்காகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

தள்ளுவண்டியைக் கொண்டுசெல்லாதீர்கள், படிகளிலும் பேருந்திலும் அது கூடுதல் சுமை. துணியாலான பேபி கேரியர் போதும். நம் வீட்டுத் தூளியைப் போல் அது உடலைத் தழுவிக்கொள்ளும். குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணில் படவேண்டும்; தாடை மார்பில் புதைந்துவிடக் கூடாது, மூச்சு தடைப்படும். தொடை முழுவதும் துணியில் தாங்கி நிற்கவேண்டும். கால் தொங்கி வார் இறுக்கினால் இரத்த ஓட்டம் குறையும். சட்டமிட்ட முதுகுக் கேரியர், தானே நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு மட்டுமே.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலே உணவும் நீரும். பால்பொடி கொடுப்பவர்கள் கொதித்த நீரை ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மலைவெயில் குளிரில் தெரியாது, ஆனால் சுடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீனைவிட நிழலும் தொப்பியுமே ஏற்றவை. ஜாக்கூ குன்றின் பக்கம் போவதானால், குழந்தையின் கையில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ இருத்தல் ஆகாது. அங்குள்ள குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை.

இனிப் பணம். ரயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஆனால் இணையப் பதிவின்போது கிடைக்கும் பயணக் காப்பீடு, தனி இருக்கை இல்லாத குழந்தைக்குப் பொருந்தாது. மருத்துவக் காப்பீட்டிலும் ஓர் இடைவெளி உண்டு. பல குடும்பத் திட்டங்கள் பிறந்து 90 நாட்கள் கழித்தே குழந்தையைச் சேர்க்கின்றன. அதுவும் நாம் எழுதிக் கேட்டால்தான். தந்தை, தாய் பெயர்கள் இருப்பதாலேயே குழந்தையின் பெயரும் இருக்கும் என்று எண்ணவேண்டாம். புறப்படுமுன் பாலிசியை எடுத்துப் பாருங்கள். டெபிட் அட்டை இருவரிடமும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். மலைவளைவில் கைபேசி இணைப்பு அறுந்தால் யுபிஐ உதவாது. பேருந்து நடத்துநரிடம் கொடுக்கச் சில்லறையும், இரவில் ஒரு டாக்சி பிடித்துக் கீழே இறங்கப் போதுமான ரொக்கமும் தனி உறையில் இருக்கவேண்டும். அந்த உறையைக் கடைவீதியில் சால்வைக்காகப் பிரித்தல் ஆகாது.