வீட்டிலிருந்து கடைக் கணக்கு பார்க்க முடியவில்லையா?

கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைய விற்பனையையும் குடோன் இருப்பையும் கம்ப்யூட்டரில் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுக்கும் வழக்கம் நம் உறுப்பினர்கள் பலருக்கு வந்துவிட்டது. கடையிலுள்ள பில்லிங் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து தொடர்பு கொள்ள டைனமிக் டி.என்.எஸ். என்ற வசதியை சர்வீஸ் ஆட்கள் அமைத்துத் தருகிறார்கள். பல மாதம் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு இணைப்பு கிடைக்காது. மறுநாள் காலை குடோன் வாசலில் லாரி நிற்கும். இருப்பு தெரியாமல் கணக்குப்பிள்ளை விழித்துக் கொண்டிருப்பார். சர்வீஸ் ஆளை அழைக்குமுன் நாமே பார்த்துக் கொள்ளக்கூடியது இதில் நிறைய உண்டு.

இன்டர்நெட் இணைப்புக்கு ஐ.பி. எண் என்ற ஒரு விலாசம் உண்டு. சாதாரண இணைப்பில் இது நிலையானதல்ல. மோடம் அணைந்து எரிந்தால் கம்பெனி வேறு எண் கொடுத்துவிடலாம். அடிக்கடி கடை மாற்றும் வியாபாரியை வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்காகவே ஒரு பெயரைப் பதிவு செய்து, எண் மாறும்போதெல்லாம் அந்தப் பதிவுக் கம்பெனிக்குத் தகவல் அனுப்பும் வேலையை ஃபயர்வாலிடம் விடுகிறோம். ஃபயர்வால் என்பது கடைக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே வாட்ச்மேன் போல் இருக்கும் பெட்டி. அது தகவல் அனுப்பாவிட்டாலும், தவறாக அனுப்பினாலும், பெயர் வேறு விலாசத்தைக் காட்டும்.

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக் கொள்ளுங்கள். ஃபயர்வாலின் திரையில் 'வான்' என்ற இடத்தில் உள்ளது முதல் எண். கடைக் கம்ப்யூட்டரில், நம் ஐ.பி. எண்ணைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வருவது இரண்டாவது. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் 'என்எஸ்லுக்கப்' என்று அடித்து, இடம் விட்டு, பதிவு செய்த பெயரையும் அடித்தால் கடைசியில் வருவது மூன்றாவது. புள்ளி வைத்து நான்கு பகுதியாக உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டும்; எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வந்தால் அது புது வகை, அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் பெயரில் கோளாறு இல்லை. சிலர் கடைக்குள்ளேயே உட்கார்ந்து கொண்டு வெளிப் பெயரை அடித்துப் பார்த்து, வரவில்லை என்பார்கள். பல பெட்டிகளில் உள்ளிருந்து அப்படி வராது. செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

முதல் இரண்டும் ஒன்று, மூன்றாவது மட்டும் பழைய எண் என்றால், தகவல் போய்ச் சேரவில்லை. எண் மாறி சில நிமிடங்களே ஆகியிருந்தால் சற்றுப் பொறுங்கள். பிறகும் மாறாவிட்டால் ஃபயர்வாலின் 'லாக்' பக்கத்தைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பதிவுக் கம்பெனியில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பெட்டியில் மாற்றாமல் விடுவது சகஜம். இலவசப் பெயர்கள் சிலவற்றை 30 நாளுக்கு ஒரு முறை உறுதி செய்யாவிட்டால் ரத்தாகிவிடும். கரண்ட் போன பிறகு பெட்டியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்று சரியில்லை என்று அதுவே தொடர்பை நிறுத்திவிடும்; தேதியைச் சரி செய்தால் போதும். ஆத்திரத்தில் 'அப்டேட்' பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். தொந்தரவு என்று கருதி பெயரையே தற்காலிகமாகத் தடுத்துவிடும் கம்பெனிகள் உண்டு.

முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் வேறுபட்டால்தான் விஷயம் சிக்கல். ஃபயர்வாலின் எண் 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் அது உள்வீட்டு எண், வெளியுலகில் செல்லாது. பெரும்பாலும் கம்பெனியின் மோடத்துக்குப் பின்னால் ஃபயர்வாலை மாட்டியிருப்பார்கள். பாவம், அந்தப் பெட்டி தனக்குத் தெரிந்த உள் எண்ணையே பதிவுக் கம்பெனிக்கு அனுப்பிக் கொண்டிருக்கும். லாக்கில் 'வெற்றி' என்றுகூட இருக்கலாம். மோடத்தை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரச் சொல்வதே நல்ல வழி. முடியாவிட்டால், வெளியில் தெரியும் எண்ணைக் கேட்டறிந்து அனுப்பும்படி ஃபயர்வாலில் அமைத்து, மோடத்திலும் போர்ட் திறக்க வேண்டும்.

அந்த எண் 100.64 முதல் 100.127 வரை இருந்தால் நாம் என்ன செய்தும் பயனில்லை. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி எண்கள்தான். பற்றாக்குறையால் ஒரே வெளி எண்ணைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கென 2012-ல் ஒதுக்கப்பட்ட வரிசை இது. நூறு கடையுள்ள காம்ப்ளெக்ஸுக்குக் கடை எண் போடாமல் வந்த தபால் மாதிரி, வெளியிலிருந்து வரும் தொடர்பு யாருக்கென்று தெரியாமல் நின்றுவிடும். பிரிட்ஜ் செய்த பிறகும் 10-ல் தொடங்கும் எண்ணே வந்தால் அதுவும் இதே கதைதான். தனி ஸ்டாடிக் ஐ.பி. கேட்டு வாங்க வேண்டும். திட்டம் மாற்றும்போது கம்பெனிக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், ஸ்டாடிக் ஐ.பி. உண்டா என்று எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது. அதை வாங்கிவிட்டால் டைனமிக் டி.என்.எஸ்.ஸே தேவையில்லை.

கோளாறு தீர்ந்த சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க டி.என்.எஸ். கம்பெனியே தாக்கப்பட்டு, பெரிய இணையதளங்கள் பல முடங்கின. தாக்கியவை, ஃபேக்டரி பாஸ்வேர்டை மாற்றாமல் இன்டர்நெட்டில் திறந்து விடப்பட்டிருந்த கேமராக்கள், ரெக்கார்டர்கள் போன்ற சாதாரணப் பெட்டிகளே. நம் கடைக் கேமராவும் அந்த ஜாதிதான். பில்லிங் கம்ப்யூட்டருக்கு நேராகப் போர்ட் திறந்து வைக்காமல், வி.பி.என். வழியாக மட்டும் உள்ளே வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஃபயர்வாலிலேயே பெரும்பாலும் அந்த வசதி இருக்கும்.

சர்வீஸ் ஆளை அழைத்தே தீர வேண்டுமென்றால், மூன்று எண்களும் எழுதிய தாளையும் லாக்கில் வந்த கடைசி வரியையும் அவர் கையில் கொடுங்கள்.