கைப்பேசியில் ஊர் வீடு: குறைந்த இணையத்தில் நிறைவான கண்காணிப்பு

சிங்கப்பூரில் பணிபுரியும் வாடிக்கையாளர் ஒருவர், ஓண விடுமுறையில் எங்கள் திருவனந்தபுரம் கிளைக்கு வந்திருந்தார். நெடுமங்காட்டுக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கிடையே உள்ள பூர்வீக வீட்டில் அவருடைய தாயார் தனியே வசிக்கிறார். மகன் நான்கு கேமராக்களைப் பொருத்தி, சிம் அட்டையில் இயங்கும் ரௌட்டருடன் இணைத்திருந்தார். நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு. அவர் காலையில் சிலமுறை பார்த்தாலே அது தீர்ந்துவிடும். மாலையில் தாயார் வீடியோ அழைப்பில் மகனைக் காண முயன்றால் இணைப்புக் கிடைக்காது. அம்மாவைக் காக்க வைத்த கேமரா, அம்மாவின் குரலையே விழுங்கிக்கொண்டிருந்தது.

இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான். முழுத் தெளிவுள்ள படத்தை நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் ஒரு கேமரா, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.8 ஜிபியைச் செலவிடும். அதே கேமரா, நொடிக்கு 512 கிலோபிட் வேகத்தில் சிறிய படத்தை அனுப்பினால் மணிக்கு 230 எம்பி போதும். நாள்தோறும் பத்து நிமிடம் பார்ப்பவருக்கு 40 எம்பிகூடச் செலவாகாது. பெரும்பாலான கேமராக்கள் இவ்விரு படங்களையும் தரவல்லவை. பெரிய படம் 'மெயின் ஸ்ட்ரீம்', சிறியது 'சப் ஸ்ட்ரீம்'. கைப்பேசியில் பார்ப்பதற்குச் சிறியதையே தெரிவு செய்தல் நன்று.

சிறிய படம் பயன்படுமா என்னும் ஐயம் எழலாம். 1991ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தினர், காப்பிப் பானையை நோக்கி ஒரு கேமராவை வைத்தனர். அகலத்திலும் உயரத்திலும் 128 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. பானையில் காப்பி உள்ளதா என்று தெரிந்துகொள்ள அதுவே போதுமாயிருந்தது. வாசலில் நிற்பவர் யார் என்று அறிவதற்கும் பெரும்பாலும் சிறிய படமே போதும்.

தெளிவான படத்தை இழக்க வேண்டியதில்லை. அதை வீட்டிலுள்ள பதிவுப் பெட்டியிலோ கேமராவின் நினைவக அட்டையிலோ சேமிக்கலாம். தேவைப்படும் சில நிமிடப் பதிவை மட்டும் வரவழைத்துக்கொள்ளலாம். இடைவிடாமல் இணையத்தில் சேமிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் அறிவிப்பு வருமாறு அமைக்கலாம். மழையிலும் காற்றிலும் அசையும் மரக்கிளைகள் வீண் அறிவிப்புகளைத் தரும் என்பதால், கவனிக்கும் எல்லையை வாசற்கதவோடு சுருக்குவது நலம்.

இணைப்பு வாங்கும்போது பலரும் பதிவிறக்க வேகத்தை மட்டுமே கேட்கிறோம். ஊர் வீட்டுப் படம் வெளியே செல்லப் பதிவேற்ற வேகமே முதன்மை. 2023 ஜூன் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழை இணைப்பு, அந்நாளில் 20 எம்பிபிஎஸ் வேகத்துடன் மாதம் 299 ரூபாய் முதல் அறிவிக்கப்பட்டது. தங்கள் பகுதிக்கு அது வந்துள்ளதா என விசாரிக்கலாம். வீட்டைப் பூட்டிச் செல்வோர், கேரள காவல்துறையின் போல்-ஆப் செயலியில் முன்கூட்டியே தெரிவித்தால் 14 நாள் வரை காவலர்களின் கவனிப்பையும் பெறலாம்.

பாதுகாப்புக் கருவிக்கும் பாதுகாப்பு வேண்டும். 2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. ஆகவே, பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிச் செயலிக்குரிய கடவுச்சொல்லை இதற்கு வைக்காதீர்கள். கேமராவைச் சரிசெய்வதாகக் கூறித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லும் அந்நியருக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அதே கைப்பேசியில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் உள்ளது. பணம் இழக்க நேர்ந்தால், உடனே 1930 என்னும் எண்ணை அழைப்பதுடன் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நம் வாடிக்கையாளர் இந்த மாற்றங்களைச் செய்துவிட்டே ஊர் திரும்பினார். கூடத்திலிருந்த கேமராவை, தாயார் விரும்பாததால் கழற்றிவிட்டார். இப்போது வாசலைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. மீதமிருக்கும் தரவில், மாலைதோறும் தாயும் மகனும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.