வாத்தியார் வருவதற்கு முன்னால்

"குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பட்டும், விஜயதசமியன்று நல்ல பாட்டு வாத்தியாராகப் பார்த்து வைத்துவிடலாம்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நல்ல எண்ணந்தான். ஆனால் இதே பெற்றோர்கள், "ஐந்து வயது ஆகட்டும்; அப்புறம் தமிழ் பேசக் கற்பிக்க ஒரு வாத்தியாரை அமர்த்தலாம்" என்று சொல்வதுண்டோ? பிறந்த நாள் முதல் குழந்தையுடன் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தையும் பேசக் கற்றுக்கொள்கிறது. பாட்டு மட்டும் எதற்காக ஐந்து வருஷம் வாசலில் காத்து நிற்க வேண்டும்?

குழந்தையின் காது அவ்விதம் காத்திருப்பதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதங்களிலேயே அது வெளி ஓசைகளைக் கேட்கிறது. பிறந்த சில தினங்களுக்குள் தாயின் குரலை வேறு பெண் குரலிலிருந்து பிரித்தறிகிறது என்பதை விஞ்ஞானிகள் 1980-ல் சோதித்துக் கண்டார்கள். நம் பாட்டிமார்களோ இந்த ஆராய்ச்சி முடியட்டும் என்று தாலாட்டை நிறுத்தி வைத்திருக்கவில்லை!

"இப்போது தாலாட்டுக்கு என்ன பஞ்சம்? கைபேசியைத் தட்டினால் எத்தனையோ பாட்டு வருகிறதே!" என்று சிலர் கேட்கலாம். வருவது வாஸ்தவம். ஆனால் 2003-ல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருடன் சீன மொழி பேசுவோர் 12 தடவை நேரில் அமர்ந்து பேசி விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் அளித்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளின் நுட்பமான பேதத்தைக் கற்றுக்கொண்டன. மற்றக் குழந்தைகளுக்கு அது கைவரவில்லை. இது பேச்சைப் பற்றிய சோதனைதான். எனினும் பாட்டுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. யந்திரம் நன்றாய்ப் பாடும். ஆனால் குழந்தை "ங்கா" என்றால், பாட்டை நிறுத்தி அதன் முகத்தைப் பார்த்துத் தானும் "ங்கா" என்று சொல்லாது.

1919-ல் பிறந்த ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாளின் வரலாற்றைப் பாருங்கள். அவருடைய தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். ஆயினும் அந்நாளைய ஆசாரத்தை முன்னிட்டு, உற்றார் உறவினர் முன்னிலையில்கூட அவர் பாடுவதற்கில்லை. தந்தையாரோ சங்கீதத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டு, மகளைத் தூண்டி வளர்த்தார். பட்டம்மாள் முறையான குருகுலவாசம் செய்ததில்லை. கச்சேரி கேட்டு வீடு திரும்பியதும், சகோதரர்களின் உதவியுடன் கீர்த்தனங்களை ஸ்வரப்படுத்தி எழுதிக்கொள்வாராம். ஒரு குடும்பமே சேர்ந்து வளர்த்த அந்தக் குரல், 1947-ல் சுதந்திரம் பிறந்தபோது வானொலியில் பாரதியாரின் பாட்டை தேசத்துக்கு வழங்கியது.

அன்று தாய்மார்களின் வாயைக் கட்டியது ஆசாரம். இன்று கட்டுவது கூச்சம். "எனக்கு ஏது குரல்?" என்று சொல்லி எத்தனை தாய்மார்கள் மௌனமாய்த் தொட்டிலாட்டுகிறார்கள்! குழந்தை சங்கீத விமர்சகர் அல்ல. அம்மாவின் குரல் என்பதே அதற்குப் போதும்.

செய்ய வேண்டியது சொற்பந்தான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குச் சௌகரியமாக எட்டுபவை ஐந்தாறு ஸ்வரங்களே. சரளி வரிசையோ மேல் ஸட்ஜம் வரை ஏறி இறங்குகிறது. ஆகையால் அதற்கு முன்பு, அர்த்தம் விளங்கும் சிறு தமிழ்ப் பாட்டுக்களைக் குழந்தைக்கு எட்டும் சுருதியில் பாடுங்கள். தகப்பனாரின் கனத்த குரலைப் பின்பற்றினால் அதன் தொண்டை திண்டாடும். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பிஞ்சுக் கைகளைப் பிடித்துத் தாளம் போடலாம். சுருதி விலகினால் அதட்ட வேண்டாம். சரியாக இன்னொரு முறை நீங்கள் பாடிக் காட்டினால் போதும். கூப்பிட்டுப் பாடச் சொல்லி விருந்தாளிகளின் முன்னால் நிறுத்தவும் வேண்டாம்.

பாட்டு வாத்தியார் அவசியம் வரட்டும். ராகமும் தாளமும் முறைப்படி கற்பிக்க அவர் வேண்டியதுதான். ஆனால் பாட்டில் ஆசையை அவரால் கொண்டுவந்து கொடுக்க முடியாது. அவர் வாசற்படி ஏறும்போது அது வீட்டிற்குள் முன்பே குடியிருக்க வேண்டும்.