மே மாசத்துல இட்லி மாவு ஏன் சீக்கிரம் புளிக்குது?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல நிறைய பேர் கேட்டது, "வீட்ல பியர் போடுறப்போ டெம்பரேச்சரை எப்படி கன்ட்ரோல் பண்றது?" முதல்லயே சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வீட்ல பியர் காய்ச்சுறது குற்றம். ஆனா நம்ம எல்லார் வீட்லயும் தினம் ஒரு நொதித்தல் நடக்குதே, இட்லி மாவு! அதுக்கும் அதே சயின்ஸ்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல என் சித்தி டிபன் கடை வெச்சிருக்காங்க. காலை ஷிப்டுக்குப் போறவங்களுக்காக 5 மணிக்கே முதல் ஈடு இறங்கணும். போன மே மாசம் ஒரே வாரத்துல மூணு நாள் மாவு புளிச்சுப் போச்சு. ஒவ்வொரு நாளும் 10 கிலோ. "எட்டு மணி நேரம்தான்டா வெச்சேன், வருஷம் பூரா அதே கணக்குதானே"ன்னாங்க. வாடிக்கையா வர்றவங்க ரெண்டு நாள் பொறுத்தாங்க. மூணாவது நாள் பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க.

சித்தியோட கைப்பக்குவத்துல தப்பில்ல. மாவுக்குக் கடிகாரம் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும்.

மாவுக்குள்ள யார் வேலை பாக்குறாங்க?

இட்லி மாவைப் பொங்க வைக்கிறது முக்கியமா லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ்ங்கிற பாக்டீரியா. 1965ல கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. இது வாயுவும் விடும், கொஞ்சம் புளிப்பும் தரும். உளுந்தோட வழவழப்பு அந்த வாயுவைப் பிடிச்சு வெச்சுக்கும். இதுக்குப் பிடிச்ச சூடு சுமாரா 20லேர்ந்து 30 டிகிரி. அதைத் தாண்டி ஏற ஏற, புளிப்பைக் கொட்டுற மத்த பாக்டீரியாக்கள் வேகம் எடுக்கும். மாவு சீக்கிரம் பொங்கி, அமுங்கி, புளிச்சுப் போகும். டிசம்பர்ல எட்டு மணி நேரம் கேட்ட மாவு, மே மாசத்துல அதுல பாதியிலேயே தயாராயிடலாம்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்ல. வெயில் காலத்துல பியர் கெட்டுப் போகுதுன்னு ஜெர்மனியோட பவேரியாவுல 1553ல ஒரு சட்டமே போட்டாங்க: ஏப்ரல் 23லேர்ந்து செப்டம்பர் 29 வரைக்கும் காய்ச்சக் கூடாது. 1870கள்ல கார்ல் வான் லிண்டே குளிர்பதன மெஷினை உருவாக்கினப்போ, அவருக்கு ஆரம்பத்துல கை கொடுத்தது மியூனிக்ல இருந்த பியர் கம்பெனிதான். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜோட பரம்பரையைத் தேடிப் போனா, நொதித்தலைக் கட்டுப்படுத்துற பிரச்சினையிலதான் போய் நிக்கும்.

அப்போ என்ன பண்ணோம்?

வீட்ல பியர் போடுற வெளிநாட்டுக்காரங்க பாத்திரத்தைத் தண்ணித் தொட்டியில வெச்சு ஐஸ் பாட்டில் போடுவாங்க. ஈரத்துணி சுத்தி ஃபேன் போடுறதும் உண்டு. ஆனா பழவேற்காடு பக்கமா இருக்கிற நம்ம ஊர் காத்துல ஈரப்பதம் அதிகம். துணியில இருக்கிற தண்ணி சீக்கிரம் ஆவியாகாது, அதனால குளிர்ச்சியும் கம்மிதான்.

ஐஸ் கணக்கு பாருங்க. 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 10 கிலோ மாவை 1 டிகிரி குறைக்க சுமாரா 35 கிலோஜூல் போதும். அதாவது மாவுக்குள்ளயே உருகினா, கணக்குப்படி கிட்டத்தட்ட 9 டிகிரி குறையும். வெளியில தொட்டியில போட்டா அங்க இருக்கிற 10 லிட்டர் தண்ணியையும் குளிர வைக்கணும், அதனால சுமார் 4 டிகிரிதான். அதுவும் மாவு கெட்டியா இருக்கிறதால நடுவுல குளிர்ச்சி மெதுவாத்தான் போகும்.

அதனால ஆட்டும்போதே ஆரம்பிச்சோம். கிரைண்டர் சுத்துற உராய்வுலயே மாவு சூடாகுது, அதனால:

ஒண்ணு, ஊத்துற தண்ணிக்குப் பதிலா குடிதண்ணியில உறைய வெச்ச ஐஸ். மீன் மார்க்கெட் ஐஸ் வேண்டாம்.

ரெண்டு, ஆட்டி முடிச்சதும் சமையல் தெர்மாமீட்டரை மாவு நடுவுல விட்டுப் பாக்கணும். 28க்கு மேல இருந்தா தொட்டியில ஐஸ் பாட்டில்.

மூணு, ஒரே பெரிய அண்டாவுக்குப் பதிலா நாலு சின்னப் பாத்திரம். பொங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சா சீக்கிரம் குளிரும். பெரிய அண்டான்னா நடுவுல மணிக்கணக்கா புளிச்சுக்கிட்டே இருக்கும்.

இப்பல்லாம் சித்தி மணியைப் பாக்குறதில்ல. ராத்திரி போன் பண்ணி, "இருபத்தேழுடா, நான் தூங்கப் போறேன்"ங்கிறாங்க. பக்கத்துக் கடைக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வந்துட்டாங்க. மீதிப் பேரும் வருவாங்கன்னு நம்புறாங்க.

உங்க வீட்ல இன்னைக்கு மாவு ஆட்டினா, நடுவுல எத்தனை டிகிரின்னு பாத்துட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.