கை தட்டினால் கூவும் படிக்கட்டு

சிச்சென் இட்சா பிரமிடின் முன் நின்று கை தட்டினால் அது கெட்சால் பறவையின் குரலில் பதில் சொல்கிறதாமே, மாயர்கள் திட்டமிட்டுத்தான் அப்படிக் கட்டினார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சத்தம் உண்மைதான். மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்துக்குப் போகும் பயணிகள் அதைக் கேட்பதற்கென்றே அங்கே நின்று கை தட்டுகிறார்கள். ஆனால் பறவையின் குரலைக் கல்லில் வடித்தார்கள் என்ற கதைக்குத்தான் ஆதாரம் போதாது.

இறகுள்ள பாம்புத் தெய்வமான குகுல்கானுக்கு எழுப்பிய இந்தப் பிரமிடுக்கு வயது சுமார் ஆயிரம் ஆண்டு. நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சிமேடை வரை உயரம் சுமார் 24 மீட்டர். 1988 முதல் சிச்சென் இட்சா நகரம் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வரலாறு இங்கே இவ்வளவு போதும்.

ஒருமுறை கை தட்டினால், ஒவ்வொரு படியின் செங்குத்து முகமும் அந்த ஓசையில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. படியின் அகலமும் உயரமும் ஏறத்தாழ 26 செ.மீ. அடுத்த படி அவ்வளவு தள்ளியிருப்பதால், போக வர 52 செ.மீ. கூடுதல் பயணம். நொடிக்கு சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு இது ஒன்றரை மில்லி நொடி. ஆக, அடிப்படிகளின் எதிரொலிகள் நொடிக்கு 650 என்ற வீதத்தில் வந்து விழுகின்றன. இவ்வளவு நெருக்கமானவற்றைக் காது தனித்தனியாகப் பிரிப்பதில்லை, ஒரே சுருதியாகக் கேட்கிறது. மேற்படிகளை ஒலி சாய்வாக ஏறி எட்ட வேண்டும். அங்கே அகலத்தோடு உயரமும் கணக்கில் சேர்வதால் இடைவெளி கூடி, வீதம் 500-க்கும் கீழே சரியலாம். கால் நொடிக்குள் சுருதி வழுக்கி இறங்குகிறது. அதுதான் அந்தக் கூவல். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர் ஒரே ஒருமுறை அழைக்கிறார், 91 பிள்ளைகளும் காதில் விழுந்த கணமே ‘உள்ளேன் ஐயா’ என்கிறார்கள். முன்பெஞ்சுக் குரல்கள் நெருக்கியடித்து வருகின்றன. பின்பெஞ்சுகள் மேடேறிக்கொண்டே போவதால் அங்கிருந்து வருபவை இடைவெளிவிட்டு வருகின்றன. நடுவில் நாலு பேர் விடுப்பு என்றால், அதாவது நாலு படி இடிந்திருந்தால், அந்த இடத்தில் சுருதி கலங்கும். ஒருவருக்கும் ராகம் தெரியாது; கேட்பவருக்கோ ராகம் இறங்கி வருகிறது.

இந்த எதிரொலியைக் கெட்சாலோடு ஒப்பிட்டு 1998-இல் பேசத் தொடங்கியவர் அமெரிக்க ஒலியியலாளர் டேவிட் லப்மன். கெட்சாலின் இறகு மாயர்களுக்குப் பெரும் செல்வம், குகுல்கானோ இறகுத் தெய்வம். ஆகவே இது தற்செயலாக இருக்க முடியாது என்பது அவர் பக்கத்து வாதம். எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமல்ல. ஆயினும் சீரான நீண்ட படிக்கட்டு எதுவானாலும் ஓசையைச் சுருதியாக்கும். 1693-இலேயே டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், பிரான்சின் ஷாந்தியி மாளிகைத் தோட்டத்தில் நீரூற்றின் இரைச்சல் கல்படிகளில் பட்டு ஒரு சுருதியாகத் திரும்புவதைக் கவனித்தார். படியின் அகலத்துக்குச் சமமான நீளத்தில் காகிதத்தைக் குழலாகச் சுருட்டிச் சோதித்தார். அதே சுருதி அதிலும் கிடைத்தது. ஷாந்தியியில் கெட்சாலும் இல்லை, குகுல்கானும் இல்லை. 2004-இல் பெல்ஜியத்தின் நிகோ டிக்ளர்க் குழுவினர் செய்த கணக்கீடும், எதிரொலியின் தன்மை நாம் எழுப்பும் ஓசையையும் பொறுத்தது என்று காட்டியது. மாயர்கள் முரசு அடித்திருந்தால் வேறு விதமாகக் கேட்டிருக்கும். போதாக்குறைக்கு, அன்று சுண்ணச்சாந்து பூசியிருந்த படிகள் இன்று வெறுங்கல். முழுமையாகச் சீரமைக்கப்பட்டவையும் இரண்டு பக்கங்கள்தான். நாம் கேட்பது அவர்கள் கேட்ட அதே குரல் என்று எப்படிச் சொல்வது?

கட்டிய பிறகு பறவையின் சாயலைக் கேட்டு மகிழ்ந்திருக்கலாமே என்றால், தாராளமாக இருக்கலாம். ஆனால் கேட்டதற்கான சாத்தியம் திட்டமிட்டதற்கான சான்றாகாது. செங்குத்தான கோயிலுக்குச் சீரான படி வேண்டும். அந்தத் தேவை ஒன்றே கூவலைத் தந்துவிடுகிறது.

படியேற இப்போது அனுமதியில்லை, கை தட்டத் தடையில்லை. போகிறவர்கள் ஓரிடத்தில் மட்டும் தட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். படிக்கு அருகே நின்று ஒருமுறை, நன்றாக விலகி ஒருமுறை தட்டிப் பாருங்கள். அருகே நின்றால் சுருதி அதிகம் சறுக்கும், விலகினால் குறையும்.