முதலில் கடல், பிறகு கற்கோயில்

மெக்சிகோவின் யூகட்டான் தீபகற்பம் கரிபியன் கடலை ஒட்டி அமைந்துள்ளது. வெண்மணல் கடற்கரை, பழங்கால மாயா மக்களின் கட்டடங்கள், பவளப்பாறைகள் ஆகிய மூன்றையும் இங்கு ஒரே பயணத்தில் காணலாம். ஆயினும், எதை எப்போது பார்ப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

முதலில் பருவத்தைக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை இப்பகுதியில் சூறாவளி வீசக்கூடும். எனவே, டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலமே ஏற்றது.

அடுத்தது பயண வரிசை. கடலில் முக்குளிக்கும்போது, நீரின் அழுத்தத்தால் சுவாசக் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைகிறது. அது வெளியேறுவதற்குள் விமானம் ஏறினால், அங்குள்ள குறைந்த காற்றழுத்தத்தால் உடலுக்குள் குமிழ்கள் உண்டாகலாம். அவை மூட்டுவலியைத் தரும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். அதனால், பலமுறை முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானப் பயணம் மேற்கொள்ள வேண்டும் என வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஆகவே, பயிற்சி பெற்றவர்கள் முதல் நாள்களில் கொசுமெல் தீவில் முக்குளிக்கலாம். இறுதி நாள்களில் கடலோரப் பாறைமேல் எழுந்து நிற்கும் துலூம் நகரையும், 365 படிகள் கொண்ட சிச்சென் இட்சா பிரமிடையும் கண்டு களிக்கலாம்.

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. ஆழம் அறிந்தவர்களும் கரையேறிய பின் காத்திருக்க வேண்டும்.