சாரல் காலத்தில் கப்பல் ஓடாது

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்களுக்குக் கால் தரையில் பாவாது. ஐந்தருவிக்குப் போகலாமா, மெயின் அருவிக்குப் போகலாமா என்பதுதான் அன்றைய கவலை. மலைக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. அந்தக் காலத்தில் இதே நாட்களில் மலபார்க் கரையில் பாய்களைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து நம் முகத்தில் தூறலாகத் தெறிக்கிற அதே தென்மேற்குக் காற்றுக்கு, அரபிக்கடலில் மரக்கலத்தைச் சிதறடிக்கும் வலு உண்டு.

பழைய முறையில் கட்டப்பட்ட இந்தியக் கடற்படையின் பாய்மரக் கப்பல் ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா புறப்பட்ட நாளைப் பாருங்கள்: 2025 டிசம்பர் 29. மார்கழி. குஜராத்தின் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்கு. வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசுகிற பருவம் அது. அந்தக் கப்பலில் எஞ்சின் கிடையாது. சதுரப் பாய்கள்தான். இன்றைய சுக்கானும் இல்லை. பின்பக்கம் நீளமான துடுப்புகளைப் பிடித்துத்தான் திசை திருப்ப வேண்டும். சதுரப் பாய் காற்றை எதிர்த்து ஏறாது, பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ தள்ளினால்தான் நகரும். போகியன்று, ஜனவரி 14-ல், மஸ்கட் போய்ச் சேர்ந்தது. கடையநல்லூர்க்காரர்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் முடிகிற பயணம்!

இந்தக் கப்பலுக்கு மூலம் ஒரு சுவர் ஓவியம். அஜந்தாவில் 5-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்டது. ஓவியத்தில் அளவுகள் இருக்காதே! பாய் எவ்வளவு அகலம், அலையில் எவ்வளவு சாயும் என்பதையெல்லாம் புதிதாகக் கணக்கிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை, மாதிரி ஒன்றை நீரில் மிதக்கவிட்டுச் சோதித்தது. கட்டியது கோவாவில், கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில். 2025 மே 21-ல் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது.

பலகைகளை இணைக்க ஆணி அடிக்கவில்லை. விளிம்பில் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, இயற்கைப் பிசினால் அடைத்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும், சாக்குப்பை தைப்பது போல. ஆனால் அலை மோதும்போது ஆணி அடித்த இடத்தில் மொத்த விசையும் குவியும். ஆணி துருப்பிடித்தால் மரமும் கெடும். தையலில் அந்த விசை பரவிவிடும், உடல் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். தண்ணீர் பட்டால் மரம் உப்பும், இடுக்குகள் இறுகும். நாரில் லிக்னின் என்ற கடினப் பொருள் மிகுதி. உப்புநீரில் சட்டென்று மக்காததற்கு அதுவே காரணம். நம் கொல்லையில் கிடக்கும் மட்டை எத்தனை மழைக்குத் தாங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

எல்லா நாரும் இதற்கு உதவாது என்பதைக் கற்றுக்கொண்டவர் டிம் செவரின். சிந்துபாத்தின் கடல்வழியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிய ஆள் அவர். (நம் ‘கன்னித்தீவு’ சிந்துபாத் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார், செவரின் ஏழெட்டு மாதத்தில் முடித்துவிட்டார்.) 1980 நவம்பரில் ஓமனிலிருந்து ‘சோஹர்’ என்ற தையல் கப்பலில் கிளம்பி, 1981 ஜூலையில் சீனாவின் கான்டன் சேர்ந்தார். எந்திரத்தில் உரித்த நார் அதற்கு வலுப் போதாது. மட்டையை மாதக்கணக்கில் கடல்நீரில் ஊறப்போட்டு, கையால் தட்டிப் பிரித்த நார் வேண்டும். ஊறும்போது நுண்ணுயிரிகள் இடையிலுள்ள பசையைத் தின்றுவிடும், இழை முழுசாக வரும். அந்தக் கயிற்றை லட்சத்தீவிலிருந்து வாங்கினார். மொத்த நீளம் சுமார் 640 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து தென்காசி வருகிற தூரத்துக்கு, கையால் திரித்த கயிறு. அடிப்பகுதியில் மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு எதிராகச் சுண்ணாம்பும் ஆட்டுக்கொழுப்பும் கலந்து பூசினார்கள்.

பலகை? அயினி. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டில் வளரும் பலாவின் உறவுக்கார மரம். மலபாரிலிருந்து வெட்டிக் கொண்டுபோனது. இதே மலைத்தொடரின் தேக்குக்காக ஆங்கிலேயர் 1806-லேயே கேப்டன் வாட்சனை வனக் காப்பாளராக நியமித்தார்கள். காப்பது காட்டையல்ல, கப்பற்படையின் பலகையை. அந்தத் தேக்கில் பம்பாயில் கட்டி 1817-ல் நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்ற கப்பல் இன்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது, நகலல்ல, அசல்.

மரமும் நாரும் கைக்குள் வந்துவிடும். காற்றுதான் வராது. மார்கழியில் மஸ்கட் போய் இறங்கிய பழைய மாலுமி, சித்திரைக் காற்றைத் தவறவிட்டால் அங்கேயே தங்க வேண்டியதுதான். ஆனி, ஆடியில் யாரும் பாய் விரிக்க மாட்டார்கள். இங்கே நாம் சீசன் முடிந்துவிட்டதே என்று துண்டைப் பிழிந்து உதறும் ஆவணியில்தான், அங்கே அவன் நங்கூரக் கல்லைத் தூக்குவான்.